புதுப்பிப்பில் நின்றுவிட்ட கணிப்பொறி: கிராம சேவை நிலையங்களுக்கு ஒரு பாடம்

ஊராரின் அன்றாட அலுவல்களுள் பல இன்று கணிப்பொறியின் வழியாகவே நடைபெறுகின்றன. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, முதியோர் ஓய்வூதிய விண்ணப்பம் முதலியவற்றை வேண்டுவோர் அரசு இ-சேவை மையங்களை நாடுகின்றனர். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பலவற்றிலும் இம்மையங்கள் இயங்குகின்றன. ஆகவே, மையத்து மேசைமேலுள்ள ஒரு கணிப்பொறி நின்றுவிடுமாயின், ஊரின் அலுவலில் ஒரு பகுதியே நின்றுவிட்டதாகக் கொள்ளலாம்.

கணிப்பொறி நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அடிக்கடி நேர்வதும், மிகுந்த கலக்கத்தை விளைவிப்பதும் ஒன்றுண்டு. காலையில் பொறியை இயக்கியவுடன், "புதுப்பிப்புகள் நிறுவப்படுகின்றன, கணிப்பொறியை அணைக்காதீர்" என்னும் பொருள்படும் ஆங்கில வாசகம் திரையில் தோன்றும். அதனருகே நூற்றுக்கு இத்தனை என ஓர் எண் காணப்படும். அவ்வெண் 30 என்றோ, 35 என்றோ, சில வேளைகளில் 100 என்றோ நின்று, மணிக்கணக்காக நகராதிருக்கும். அந்நிலையில் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அருமனையும் பருவமழையும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ரப்பர்த் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள பேரூர் அருமனை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இப்பகுதிக்கு உரியவை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதமே, கல்லூரிச் சேர்க்கைக்காக மாணவர்கள் சான்றிதழ் தேடி வரும் காலமுமாகும். காற்றில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் தடைப்படும். கூட்டம் மிகுந்த நாளும் மின்சாரம் நிலைகொள்ளாத நாளும் இவ்வாறு ஒன்றாக வந்து சேர்கின்றன.

பால்வெட்டுத் தொழிலாளி விடியற்காலையிலேயே தோட்டத்திற்குச் சென்று, பட்டையைச் சீவி, பால் வடிந்தபின் அதனைத் திரட்டிக் கொடுத்துவிட்டுத்தான் சான்றிதழுக்காக வர இயலும். அன்று இயலாதென்று அவரைத் திருப்பியனுப்பினால், அவர் மறுமுறை வருவதற்கு மற்றொரு நாளின் வேலை கெடும். விண்ணப்பத்தின் இறுதி நாள் அன்றைய நாளாகவே இருப்பின், அவருடைய பிள்ளையின் கல்லூரி இடமே கைநழுவக்கூடும். எனவே, நின்றுவிட்ட கணிப்பொறியைச் சீர்செய்யும் அறிவு, சேவை நிலையத்தில் அமர்ந்திருப்போர் அனைவருக்கும் வேண்டப்படுவதாகும்.

புதுப்பிப்பு எதற்கு?

"இவ்வளவு தொல்லை தரும் புதுப்பிப்பை நிறுத்திவிட்டால் என்ன?" என்று சிலர் வினவுவர். அது பிழையான முடிவு. இயங்குதளம் என்பது கணிப்பொறியின் எல்லாச் செயல்களுக்கும் அடித்தளமாய் நிற்கும் மென்பொருள். அதில் ஓட்டைகள் அவ்வப்போது கண்டறியப்படுகின்றன. அவற்றை அடைப்பதே புதுப்பிப்பின் முதன்மையான பணி.

2017 மே 12-ஆம் நாள் 'வான்னக்ரை' என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளை அது பூட்டிவைத்து, மீட்புப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் நாளிலேயே வெளியிட்டிருந்தது. அப்புதுப்பிப்பை ஏற்றிக்கொண்ட பொறிகளில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது, ஏற்றிக்கொள்ளாதவை இரையாயின. ஆதலின் புதுப்பிப்பை வெறுத்தல் கூடாது. அது நிகழும் நேரத்தையும் முறையையும் நம் கட்டுக்குள் கொணர்தலே அறிவுடைமை.

உள்ளே நிகழ்வது யாது?

புதுப்பிப்பு மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. முதலாவது, தேவையான கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளல். இரண்டாவது, அவற்றை விரித்துச் சரிபார்த்து ஆயத்தம் செய்தல். இவ்விரண்டும் நாம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பின்னணியில் நிகழ்வன. மூன்றாவது, பயன்பாட்டிலுள்ள பழைய கோப்புகளை அகற்றிப் புதியவற்றை அவ்விடத்தில் வைத்தல். ஓடிக்கொண்டிருக்கும் பொறியில் இதனைச் செய்தல் அரிது. ஆகையால் பொறி அணைந்து மீண்டும் எழும் வேளையில் இது செய்யப்படுகிறது. திரையில் எண் தோன்றுவது இம்மூன்றாம் கட்டத்திலேயாகும்.

அருமனை வட்டாரத்தார் நன்கறிந்த ஒரு தொழிலை இங்கு ஒப்பிடலாம். ரப்பர்ப் பாலை வடிகட்டி, நீர் கலந்து, தட்டில் ஊற்றி, அமிலம் சேர்த்து வைக்கிறோம். அதன்பின் தட்டைப் பார்ப்பவருக்கு ஒன்றும் நிகழ்வதாகத் தோன்றாது. ஆயினும் பால் உறைந்துகொண்டே இருக்கிறது. உறையுமுன் எடுத்து உருளையில் கொடுத்தால் ஷீட்டும் இல்லை, பாலும் இல்லை. புதுப்பிப்பின் இடையில் மின்சாரத்தைத் துண்டிப்பதும் இத்தகையதே. பழைய கோப்புப் பாதியும் புதிய கோப்புப் பாதியுமாக நிற்கும் பொறி, இரண்டு வழியிலும் இயங்காது போகலாம்.

திரையிலுள்ள எண்ணை நேரத்தின் அளவுகோலாகக் கொள்ளுதல் கூடாது. 30 வரை ஐந்து நிமிடத்தில் ஏறிய எண், அடுத்த ஐந்து எண்ணிற்கு ஒரு மணி நேரமும் எடுத்துக்கொள்ளலாம். வேலையின் அளவு ஒவ்வொரு படியிலும் வேறுபடுவதே இதற்குக் காரணம்.

நின்றதா, நடக்கிறதா?

ஆகவே முதற்கண் செய்யவேண்டியது, பொறி மெதுவாக உழைக்கிறதா, உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று தெளிதல். இதற்கு நான்கு குறிகள் உள.

ஒன்று, வட்டின் விளக்கு. பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் வட்டு வேலை செய்யும்போது சிமிட்டும் சிறு விளக்கொன்று உண்டு. விட்டுவிட்டேனும் அது சிமிட்டுமாயின், வேலை நடைபெறுகிறதென்று கொள்ளலாம்.

இரண்டு, ஒலி. சுழலும் வட்டுள்ள பழைய பொறியாயின், காதை அருகில் வைத்தால் மெல்லிய கறகற ஒலி கேட்கும்.

மூன்று, விசைப்பலகை. 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்தினால் அதற்குரிய சிறு விளக்கு எரிந்து அணையவேண்டும். அணையாவிடின் பொறியின் உட்கரு உறைந்திருக்கலாம். இது முழுச் சான்றன்று. மற்றக் குறிகளுடன் சேர்த்தே கொள்ளத்தக்கது.

நான்கு, கடிகாரம். திரையில் காணும் எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் அரைமணிக்கு ஒருமுறை குறித்துவருக. குறிப்பில்லாமல் காத்திருப்போர்க்குப் பத்து நிமிடமும் ஒரு மணியாகத் தோன்றும்.

எவ்வளவு நேரம் பொறுப்பது? மாதந்தோறும் வரும் சிறு புதுப்பிப்புக்கு, எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலா வட்டுள்ள பொறியில் அரைமணி நேரம் பெரும்பாலும் போதும். சுழலும் வட்டுள்ள பொறியில் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். இயங்குதளத்தின் பதிப்பையே மாற்றும் பெரும் புதுப்பிப்பாயின், பழைய பொறிக்கு ஓரிரவு கொடுத்தல் நன்று. எண் மாறாமலும், வட்டின் விளக்குச் சிமிட்டாமலும் மூன்று மணி நேரம் கழியுமாயின், பொறி நின்றுவிட்டதென்று முடிவு செய்யலாம்.

படிப்படியாகச் செய்யவேண்டியவை

முதற்படி: 'கண்ட்ரோல்', 'ஆல்ட்', 'டெலீட்' ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்திப் பார்க்கவும். புதுப்பிப்பு முடிந்தும் திரை மட்டும் தேங்கியிருப்பின், நுழைவுத் திரை இதனால் தோன்றுவதுண்டு.

இரண்டாம் படி: பயனில்லையாயின், மின் பொத்தானைப் பத்து நொடி விடாமல் அழுத்திப் பொறியை அணைக்கவும். சுவரிலுள்ள பிளக்கைப் பிடுங்குதல் வேண்டா. மடிக்கணிப்பொறியாயின் மின்னேற்றியை இணைத்தே வைக்கவும்.

மூன்றாம் படி: கைரேகைக் கருவி, அச்சுப்பொறி, ஸ்கேனர், கேமரா, பென் டிரைவ் ஆகிய அனைத்தையும் கழற்றிவிடவும். விசைப்பலகையும் சுட்டியும் மட்டும் இருக்கலாம். புறக்கருவியொன்றின் இணக்கமின்மையே புதுப்பிப்பை நிறுத்துவது பல இடங்களில் காணப்படுவதாகும். சேவை நிலையத்துப் பொறியில் இக்கருவிகள் மிகுதியாதலின் இப்படியை விடலாகாது.

நான்காம் படி: மீண்டும் இயக்கவும். "மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன" என்னும் பொருள்பட வாசகம் தோன்றினால் மகிழ்க. பொறி தானே பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதற்கும் நேரம் கொடுக்கவும். இவ்வேளையில் மறுபடியும் அணைப்பதே பலர் செய்யும் பெருந்தவறு.

ஐந்தாம் படி: பொறி எழவேயில்லையாயின் கலங்க வேண்டுவதில்லை. விண்டோஸ் இயங்குதளம் தொடர்ந்து இருமுறை எழத் தவறினால், அடுத்த முறை மீட்புச் சூழல் தானே திறக்கும். அதில் 'டிரபிள்ஷூட்', பின்னர் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று செல்லவும். முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்பதைச் செய்து பார்க்கவும். அது பயன்தராவிடின் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்பதைத் தேர்ந்து, கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கவும். அதுவும் இயலாதாயின் 'சிஸ்டம் ரெஸ்டோர்' மூலம் முந்தைய நாளொன்றின் நிலைக்குப் பொறியைக் கொண்டுசெல்லலாம். இம்மூன்றும் நம் ஆவணங்களை அழிப்பனவல்ல.

இங்கு ஒரு தடை எதிர்ப்படலாம். வட்டு 'பிட்லாக்கர்' முறையில் பூட்டப்பட்டிருப்பின், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைப் பொறி கேட்கும். அவ்வெண் இல்லாமல் உள்ளே செல்ல எவராலும் இயலாது. எனவே, பொறி நலமாக இருக்கும்போதே அவ்வெண்ணைத் தாளில் எழுதி, நிலையத்தின் பெட்டகத்தில் வைத்தல் கடமையாகும். பொறியின் உறையில் ஒட்டிவைத்தல் ஆகாது.

மீண்டபின் செய்யவேண்டியவை

பொறி எழுந்தவுடன் வேலையைத் தொடங்கிவிடாமல், நின்றதன் காரணத்தைத் தேடவேண்டும். பெரும்பாலும் மூன்று காரணங்களுள் ஒன்றாகவே அது இருக்கும்.

முதற்காரணம் இடப்பற்றாக்குறை. பெரும் புதுப்பிப்புக்கு 20 ஜிகாபைட் அளவுக்கு இடம் ஒழிவாக இருத்தல் வேண்டும். ஸ்கேன் செய்து குவித்துவைத்த படங்களே சேவை நிலையங்களில் இடத்தை அடைப்பவை. பொதுமக்களின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை நகல்களை வேலை முடிந்தபின் வைத்திருப்பது இடத்திற்கும் கேடு. அவர்தம் பாதுகாப்புக்கும் கேடு. அன்றன்றே அவற்றை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யவும்.

இரண்டாங்காரணம் பாதியில் கெட்ட இறக்கம். மின்தடையாலோ இணையத் தடையாலோ கோப்புகள் குறைபட்டு இறங்கியிருக்கலாம். 'செட்டிங்ஸ்' பகுதியிலுள்ள விண்டோஸ் அப்டேட் பிழைதிருத்தியை முதலில் ஓட்டவும். தீராவிடின், புதுப்பிப்புச் சேவையை நிறுத்திவிட்டு, விண்டோஸ் உறைக்குள் இருக்கும் 'சாப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்' என்னும் உறையின் பெயரை மாற்றி, சேவையை மீண்டும் தொடங்கவும். பொறி புதிய உறையொன்றைத் தானே படைத்து, கோப்புகளை முதலிலிருந்து இறக்கிக்கொள்ளும். இயங்குதளக் கோப்புகள் சிதைந்துள்ளனவா என்றறிய, நிருவாகி உரிமையுடன் கட்டளைத் திரையைத் திறந்து, எஸ்.எப்.சி. என்னும் மூன்றெழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதனையொட்டி 'ஸ்கேன்னவ்' என்னும் சொல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் தட்டவும். சிதைந்த கோப்புகளை அது தேடிச் சீர்செய்யும்.

மூன்றாங்காரணம் வட்டின் முதுமை. எத்தனை முறை திருத்தினும் அதே இடத்தில் பொறி நிற்குமாயின், வட்டு பழுதடைந்திருக்கக்கூடும். உடனே ஆவணங்களை வெளிவட்டில் நகலெடுத்து, வட்டை மாற்றவும். சுழலும் வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்துவதே பழைய பொறிக்குச் செய்யத்தக்க செலவுகளுள் மிகுந்த பயன் தருவது.

இறுதி வழியாக 'ரீசெட்' செய்ய நேரின், ஆவணங்களை வைத்துக்கொள்ளும் வழியையே தேர்க. அவ்வழியிலும் நாம் நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும். கைரேகைக் கருவிக்குரிய மென்பொருளையும் மீண்டும் நிறுவவேண்டும்.

திரையில் திடீரென ஒரு தொலைபேசி எண் தோன்றி, "உடனே அழையுங்கள், சரிசெய்து தருகிறோம்" என்று கூறினால் அழைத்தல் கூடாது. அது ஏமாற்று. உண்மையான புதுப்பிப்புத் திரை எவரையும் தொலைபேசியில் அழைக்கச் சொல்வதில்லை. ஏமாந்து பணம் இழந்தோர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் முறையிடலாம். பழுது பார்க்கப் பொறியை வெளியே கொடுக்க நேரின், ஊராரின் ஆவணங்கள் அதில் இல்லையென உறுதிசெய்தபின்னரே கொடுக்கவும்.

உலகம் கண்ட ஒரு பாடம்

நம் நிலையத்துக்கு மட்டும் இது நேர்வதென எண்ண வேண்டா. 2024 ஜூலை 19-ஆம் நாள், இந்திய நேரம் காலை 9 மணி 39 நிமிடத்திற்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் பிழையான புதுப்பிப்புக் கோப்பொன்றை வெளியிட்டது. 78 நிமிடங்களில் அந்நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றது. ஆயினும் அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. அவற்றுள் மிகப் பலவற்றை, ஒவ்வொன்றாக ஆள் சென்று, பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கிச் சீர்செய்ய நேர்ந்தது.

அன்று நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் விமானம் ஏறுவதற்கான சீட்டுகள் கையால் எழுதி வழங்கப்பட்டன. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கருவிகள் நின்ற நேரத்தில், தாளும் பேனாவும் பயணிகளைக் கொண்டுசேர்த்தன. விமான நிலையத்திற்குப் பொருந்திய இவ்வழி சேவை நிலையத்திற்கும் பொருந்தும். ஒரு குறிப்பேடு போதும். வந்தவர் பெயர், வேண்டிய சான்று, இறுதி நாள், தொடர்பு எண் ஆகியவற்றை வரிசையாக எழுதிக்கொள்க. இறுதி நாள் நெருங்கியோரின் பெயரருகே ஒரு குறியிடுக. பொறி எழுந்தவுடன் அவர்களுடைய வேலையே முதலில் முடியவேண்டும். தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் பொதுமக்களே உள்நுழைந்து விண்ணப்பிக்க வழியுண்டு; அவசரமுடையோர்க்குக் கைப்பேசியில் அவ்வழியைக் காட்டி உதவுதல் நம் கடமை. வெறுங்கையுடன் எவரையும் அனுப்பாதிருப்பதே இதன் நோக்கம்.

வருமுன் காத்தல்

மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை புதுப்பிப்பை வெளியிடுகிறது. நம் நாட்டில் அது செவ்வாய் இரவாகும். புதன்கிழமை காலையில் மக்கள் வரிசையில் நிற்கும்போது பொறி நிற்பதன் மறைபொருள் இதுவே. ஆகவே நாட்காட்டியில் அந்நாளைக் குறித்துவைக்கவும். பொறியின் அமைப்பில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்னும் பகுதியில் நிலையத்தின் வேலை நேரத்தைப் பதிந்தால், அந்நேரத்தில் பொறி தானே மறுதொடக்கம் செய்யாது. நெருக்கடியான வாரத்தில் புதுப்பிப்பைச் சில நாள் ஒத்திவைக்கவும் இடமுண்டு. ஒத்திவைத்ததை மறந்துவிடுதல் மட்டும் ஆகாது.

புதுப்பிப்புக்குரிய நேரத்தைத் தெரிந்தெடுக்கும்போது, மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பார்க்கவும். இடி மின்னல் மிகுந்த மாலையில் தொடங்குதல் வேண்டா. யூ.பி.எஸ். கருவியின் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குமென்று மாதம் ஒருமுறை சோதிக்கவும். ஐந்து நிமிடமே தாங்கும் மின்கலத்தை நம்பி ஒரு மணி நேர வேலையைத் தொடங்குதல், ஓட்டைத் தோணியில் ஆற்றைக் கடப்பதற்கு ஒப்பாகும். நிலையத்தின் கணக்குகளையும் பதிவேடுகளையும் வாரந்தோறும் வெளிவட்டில் நகலெடுத்து, அவ்வட்டைக் கழற்றித் தனியே வைக்கவும். இரு பொறிகள் உள்ள நிலையத்தில் ஒரே நாளில் இரண்டையும் புதுப்பித்தல் கூடாது. ஒன்று எழுந்து நன்கு இயங்குவதைக் கண்டபின் மற்றொன்றைத் தொடுக.

பழைய பொறிகளைப் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற, 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் வட்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இத்தகுதியில்லாப் பொறியில் அதனை வலிந்து ஏற்ற முயல்வதும் இடையில் நிற்பதற்கொரு காரணம். அப்பொறிகளை மக்கள் ஆவணங்களைக் கையாளும் பணியிலிருந்து விலக்கி, லினக்ஸ் இயங்குதளம் ஏற்றி, பயிற்சிக்கும் கல்விக்கும் பயன்படுத்தலாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸில் தமிழிலும் பணிபுரிய இயலும்.

முடிவாக நாம் வலியுறுத்துவது இதுவே: அவசரத்தில் அணைத்த பொறியைச் சீராக்க ஒரு நாள் ஆகும்; குறிகளைக் கண்டு பொறுத்த பொறி பெரும்பாலும் தானே எழும். உறையும் பாலுக்கு உரிய நேரத்தைக் கொடுக்கத் தெரிந்த நம் மக்களுக்கு இப்பொறுமை புதிதன்று. பொறியின் முன் அமர்ந்திருப்போர் பொறியின் குறியறிந்து, வரிசையில் நிற்போரின் நாளறிந்து செயற்படுவாராயின், அருமனையிலும் அதுபோன்ற ஒவ்வோர் ஊரிலும், நின்ற கணிப்பொறியால் எவருடைய உரிமையும் நின்றுபோகாது. அடுத்த இரண்டாம் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே குறிப்பேட்டையும், வெளிவட்டையும், மீட்பு எண்ணையும் ஆயத்தம் செய்துவைப்போமாக.